முழுதும் உண்டான்

நிறைத்தடத்தில் யுகன் கால் வைத்ததும் வாசல் தூணில் சிவப்புப் பொட்டு எரிந்தது.

வேலிக்கு வெளியே மற்ற பெற்றோரோடு நின்றிருந்த நவநீதன் மகனையே பார்த்தான். மாதத்தின் முதல் திங்கட்கிழமை என்றால் பள்ளி வாசலில் இப்படித்தான் கூட்டம் கூடும். பிள்ளைகள் வரிசையாக அந்தக் கறுப்புத் தரையைக் கடந்து போவார்கள். எலும்பு எவ்வளவு, சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, காலையில் குடித்த தண்ணீர் எவ்வளவு என்று தரை தனித்தனியாகப் பிரித்து எடை போட்டுவிடும். பச்சைப் பொட்டு விழுந்த பிள்ளையின் அப்பா பெருமையாக வண்டியைக் கிளப்புவார். மஞ்சள் விழுந்தவர் வானத்தைப் பார்ப்பார். சிவப்பு விழுந்துவிட்டாலோ, பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் திடீரென்று செல்பேசியில் அவசர வேலை வந்துவிடும்.

யுகன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். பிறகு தப்புச் செய்தவன் போலத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். அவனுக்குப் பின்னால் வந்த கொழுகொழுக் கன்னச் சிறுமிக்கும் சிவப்பே விழுந்தது. அவளுடைய அம்மா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்து போனாள். நவநீதன் அவளைப் பார்க்கவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை. சிவப்புக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

யுகனுக்கு இது இரண்டாவது சிவப்பு. மூன்றாவது விழுந்தால் வளரகம். ஒரு பருவம் முழுக்கப் பிள்ளை அங்கேயே இருக்க வேண்டும். பெற்றோர் பார்க்கப் போகலாம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று.

நிறைச்சட்டம் கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல. அதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் பிள்ளைகளில் ஒரு பாதி பொட்டலத் தீனி தின்று ஊதிக்கொண்டிருந்தது, மறு பாதி குச்சியாய்க் காய்ந்துகொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இடைவேளையில் வரிசையில் நின்று இன்சுலின் போட்டுக்கொண்டார்கள். சட்டம் வந்து சில ஆண்டுகளில் அந்த வரிசை காணாமல் போயிற்று. ஊரே வாழ்த்தியது. முன்பெல்லாம் குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது என்று வெளியில் சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்று கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பார்கள். இப்போது டீக்கடையில் முதல் கேள்வியே "உங்க பையனுக்கு என்ன பொட்டு?" என்பதுதான்.

தரை மாதத்துக்கு ஒரு முறை பார்க்கும். உண்மானி தினமும் பார்க்கும். உணவுக்கூட மேசையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வட்டக் குழி உண்டு. டப்பாவை அதில் வைத்தால் எடை, மாவு, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் முகர்ந்து எழுதிக்கொள்ளும். மேலே இருக்கும் கண், டப்பாவுக்குள் போன கை அதே பிள்ளையின் வாய்க்குப் போகிறதா என்று பார்க்கும். பக்கத்துப் பிள்ளைக்குப் போனால் ஊளையிடும். ஆரம்பத்தில் பிள்ளைகள் கொடுத்து வாங்கித் தின்று கணக்கையெல்லாம் குழப்பிவிட்டார்கள். அதற்காக வந்தது இந்தக் கண். பிற்பகலில் பெற்றோருக்குச் செய்தி வரும். 'முழுதும் உண்டான்', 'பாதி உண்டான்', 'தொடவில்லை'. பனியன் கம்பெனிகளில் மெஷின் சத்தத்துக்கு நடுவே எல்லோரும் ஒரே நேரத்தில் செல்பேசியை எடுத்துப் பார்ப்பதைத் திருப்பூரில் எங்கும் காணலாம்.

யுகனுக்கு ஒரு நாள் தவறாமல் 'முழுதும் உண்டான்' என்றுதான் வந்தது. ஆனாலும் அவன் இளைத்துக்கொண்டே போனான்.

அடுத்த நாள் மாலையே நிறைக்காப்பாளர் வினோதா வீட்டுக்கு வந்துவிட்டாள். பள்ளியில் அவளை 'நிறை மிஸ்' என்பார்கள். வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"வாங்க மிஸ், காப்பி சாப்பிடறீங்களா?" என்றான் நவநீதன்.

"பரவால்லீங்க சார். சமையக்கட்டைப் பாக்கோணுமுங்க. எனக்கே சங்கடமாத்தான் இருக்குது."

அரிசி டின்னைத் திறந்து பார்த்தாள். பருப்பு டப்பாக்களைப் பார்த்தாள். குளிர்பெட்டியைத் திறந்து உடனே மூடினாள். நவநீதனின் மனைவி ஹர்ஷினி பெருந்துறைச் சாயப்பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துல தம்பி ஒரு பருக்கை மிச்சம் வைக்கறதில்லீங்க" என்றாள் வினோதா. "அப்படியும் இளைக்கறான்னா மிஷின் என்ன நெனைக்கும்? நீங்களே சொல்லுங்க."

"வூட்ல சோறு போடறதில்லைன்னு நெனைக்கும்" என்றான் நவநீதன்.

"நான் அப்படி நெனைக்கலீங்க சார். மிஷின் நெனைக்குது."

"மிஷின் நெனைச்சா நீங்க வர்றீங்க" என்றாள் ஹர்ஷினி. "நீங்க நெனைச்சா மிஷின் வருதுங்களா?"

வினோதா பருப்பு டப்பாவை மூடி அதன் இடத்தில் வைத்தாள். அவள் நல்லவள். நல்லவர்களுக்குத்தான் இந்த வேலையைக் கொடுப்பார்கள்.

காலையில் ஹர்ஷினி விடியும்போதே கம்பெனி வண்டி ஏறிவிடுவதால் யுகனுக்குச் சமைப்பது நவநீதன்தான். அவன் கைப்பக்குவம் அந்தத் தெருவில் பேர் போனது. அரிசிம்பருப்புச் சோறு வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவனைப் பார்த்துப் பிள்ளைக்குச் சோறு போடாதவன் என்று ஒரு எந்திரம் சொல்லிவிட்டது. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மருத்துவமனையில் இரத்தம், மலம், மூச்சு எல்லாம் பார்த்தார்கள். நோய் எதுவும் இல்லை என்றார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள்.

வீட்டில் யுகன் நன்றாகவே சாப்பிட்டான். ஆனால் வளருகிற பையனுக்கு மதியச் சோறு என்பது சின்ன விஷயமா? அது எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. ஒன்றே ஒன்று மாறியிருந்தது. கொஞ்ச மாதங்களாக அவன் சோறு கேட்பதில்லை.

"உருண்டையாக் குடுங்கப்பா. கம்பு உருண்டை, கொழுக்கட்டை, அந்த மாதிரி. கெட்டியா இருக்கோணும்."

"சோறு எறங்கலியா சாமி?"

"அதெல்லாம் எறங்குதுங்க. உருண்டைன்னா நல்லாருக்குமுங்க."

பிள்ளை கேட்கிறானே என்று நவநீதன் வெல்லம் போட்டுக் கம்பு உருண்டை பிடித்தான். கடலைப்பருப்புப் பூரணம் வைத்து ஒப்புட்டுத் தட்டினான். தேங்காய்ப் பூரணம் வைத்துக் கொழுக்கட்டை அவித்தான். உண்மானி எதற்கும் குறை சொல்லவில்லை. முழுதும் உண்டான்.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போதுதான் அவன் அதைப் பார்த்தான்.

நவநீதனுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாளெல்லாம் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவன். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எதுவும் அவன் விரலுக்குத் தப்பாது. யுகனின் வெள்ளைச் சட்டையை அலசும்போது முன்பக்க ஓரமடிப்பில் விரல் நின்றது. அந்த இடம் மட்டும் நைந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறை வடிவத்தில் சின்னச் சின்னப் பல் தடங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. இன்னொரு சட்டையை எடுத்தான். அதிலும் அப்படியே. வெல்லக்கறை வேறு.

யுகனைக் கூப்பிட்டுக் காட்டினான். "இதென்ன சாமி?"

பையன் முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணுமில்லீங்கப்பா."

"சட்டையக் கடிக்கறியா?"

யுகன் தரையைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அவன் மூடிக்கொண்டான்.

நவநீதன் சட்டையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டான். சோற்றைத் தின்றுவிட்டுத் துணியையும் தின்கிற வியாதி ஏதோ ஒன்று இருப்பதாக எப்போதோ கேள்விப்பட்டிருந்தான். ஹர்ஷினியிடம் சட்டையைக் கொடுத்தான். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங் மாமா, சட்டையக் கடிக்காத பசங்க எங்க இருக்கறாங்க? நீங்க கடிச்சதில்லையா?"

"இது வெளையாட்டு இல்ல அம்மிணி. ஒரே எடத்துல கடிச்சிருக்கறான். மிஸ்கிட்டக் காட்டீரலாம்."

"அங்க எதுக்குங்க கொண்டு போறீங்க? அவன்கிட்டயே மெதுவாக் கேட்டா சொல்லுவான். ரெண்டு நாள் விடுங்க."

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் நவநீதன் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. லாட்டில் ஒரு பீஸில் குறை தெரிந்தால் மறைக்கக் கூடாது. தானாகவே எடுத்துக்கொண்டு போய் மேலே காட்டிவிட வேண்டும். காட்டிவிட்டால் அந்த ஒரு பீஸோடு போகும், மறைத்தால் மொத்த லாட்டும் திரும்பி வரும். அந்தப் பழக்கம் அவனை இத்தனை வருடம் காப்பாற்றியிருந்தது. திங்கட்கிழமை காலை ஈரம் காயாத சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனான்.

வினோதா சட்டையை வாங்கி எச்சிலுணரியில் வைத்தாள். துவைத்தாலும் இழையில் ஊறிய எச்சிலை அது கண்டுபிடித்துவிடும். வெகுநேரம் யோசித்தது. பிறகு திரையில் ஒன்றுக்கு இரண்டு பெயர் வந்தது. யுகன். இதழினி.

வினோதா ஓரமடிப்பை விரலால் நீவிப் பார்த்தாள். அவளுடைய முகம் மெல்ல மாறியது. பள்ளிச் சீருடை போட்ட சிறுமி ஒருத்தி அவளுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது போல இருந்தது.

"சார், இது காக்காக் கடிங்க" என்றாள்.

நவநீதனுக்கும் அப்போதுதான் உறைத்தது. மிட்டாயைச் சட்டை ஓரத்தில் பொதிந்து, துணியோடு சேர்த்துக் கடித்து, ஒரு துளி எச்சில் படாமல் இரண்டாக்கிக் கூட்டாளிக்குக் கொடுப்பது. சின்ன வயதில் அவன் பண்ணாததா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கண் மேலே இருந்ததால் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். யுகன் கொழுக்கட்டையைச் சட்டையில் பொதிந்து வாய்க்குக் கொண்டுபோவான். கண்ணுக்கு அது வாய்க்குப் போன சோறு. கடித்த பாதி அவன் வாயில் இருக்கும், மறு பாதி துணிக்குள்ளேயே மடியில் விழும். வாயைத் துடைப்பது போலச் சட்டையை உதறுவான். பக்கத்துக் குழியில் உட்கார்ந்திருக்கும் இதழினியின் கை மேசைக்கு அடியில் காத்திருக்கும். சில நாள் அவள் குனிந்து துணியோடு கடித்துக்கொள்வாள்.

நவநீதன் சிரித்துவிட்டான். கண்ணில் நீர் வர வரச் சிரித்தான். பையனுக்கு வியாதி இல்லை. தான் சோறு போடாத அப்பன் இல்லை. வேறு என்ன வேண்டும்?

"எதுக்கு சாமி?" என்று அன்று மாலை மகனை மடியில் உட்காரவைத்துக் கேட்டான்.

"அவளுக்கு வூட்ல பாதி டப்பாதானுங்கப்பா குடுப்பாங்க. குண்டா இருக்கறான்னு கொறைச்சுட்டாங்க. அவ வயிறு சத்தம் போடுமுங்க. நான் பக்கத்துலதான உக்காந்திருக்கறேன், எனக்குக் கேக்குமுங்க." யுகன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். "மிஷின் அவ்வளவு பக்கத்துல இருக்குது, அதுக்குக் கேக்காதுங்களா?"

 உண்மானிக்கு எடை தெரியும், மணம் தெரியும், எச்சில் தெரியும். வயிற்றுச் சத்தம் அதன் வேலையில் சேரவில்லை.

அப்புறம்தான் அவனுக்கு மீதியும் புரிந்தது. யுகன் கொடுக்கக் கொடுக்க இதழினியின் எடை ஏறியிருக்கிறது. எடை ஏற ஏற அவள் டப்பாவில் இன்னும் குறைத்திருக்கிறார்கள். குறைத்ததும் அவள் வயிறு இன்னும் சத்தம் போட்டிருக்கிறது. இவன் இன்னும் பெரிய துண்டாகக் கொடுத்திருக்கிறான். இவன் வீட்டில் சோறு போடவில்லை என்று ஒரு குற்றச்சாட்டு, அவள் வீட்டில் திருட்டுத்தனமாகத் தீனி போடுகிறார்கள் என்று இன்னொரு குற்றச்சாட்டு. இரண்டு குழந்தைகளையும் ஒன்றாக நிறுத்தி எடை போட்டிருந்தால் கணக்கு அப்படியே சரியாக வந்திருக்கும். சட்டத்தில் இரண்டு பேரைச் சேர்த்து எடை போட வழியில்லை.

இரண்டு நாள் கழித்து வினோதா கூப்பிட்டாள். 

"உங்க பையனுக்கு ஒண்ணுமில்லீங்க சார். பெத்தவங்களே கொண்டு வந்து காட்டுனதால மன்னிச்சாச்சுங்க. ரெண்டு சிவப்போட நிக்குது."

"அந்தப் புள்ளைக்கு?"

"அந்தப் புள்ள வீட்ல யாரும் சொல்லலீங்களே. பகிர்ந்து தின்னது ஒரு சிவப்புங்க. அவளுக்கு ஏற்கெனவே ரெண்டு இருந்துதுங்க."

இதழினியை வளரகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே எடையைக் கூட்டவும் செய்வார்கள், குறைக்கவும் செய்வார்கள். நவநீதன் பள்ளி வாசலில் அவளுடைய அம்மாவைப் பார்த்தான். அன்று துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்து போனவள்தான். பிள்ளையின் செருப்பை வாங்கிப்போக வந்திருந்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவளே பக்கத்தில் வந்தாள்.

"நான் திருட்டுத்தனமா ஊட்டறேன்னு வூட்ல என்னைய ஏசிட்டே இருந்தாங்க" என்றாள். "இப்பத்தான் தெரிஞ்சுது. உங்க பையன் நல்ல பையனுங்க." செருப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் நவநீதன் அன்றிரவு தூங்கியிருப்பான்.

காக்காக் கடி செய்தி மேலே போயிற்று. மேலே இருப்பவர்கள் அதிர்ந்துபோனார்கள். ஒரு பள்ளியில் நடந்தால் எல்லாப் பள்ளியிலும் நடந்திருக்கும் அல்லவா? அவசரமாக உண்கூடுகள் வந்தன. பிள்ளைக்கு ஒரு கூடு. மூன்று பக்கமும் சுவர், முன்னால் குழி, தலைக்கு மேல் கண். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட வேண்டும். உணவுக்கூடத்தில் எப்போதும் கேட்கும் இரைச்சல் நின்றது. கரண்டிச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்று துப்புரவு செய்பவர்கள் பேசிக்கொண்டார்கள்.

யுகனின் செய்தி மாறியது. 'பாதி உண்டான்.' அடுத்த வாரம், 'தொடவில்லை.'

"ஏன் சாமி திங்கறதில்ல?"

"பசிக்கலீங்கப்பா."

"அப்பா செஞ்சது நல்லா இல்லியா?"

"நல்லாருக்குதுங்க. யாருமே கேக்கறதில்லீங்க."

அவன் மட்டுமல்ல. எல்லாப் பள்ளிகளிலும் டப்பாக்கள் கனத்தோடு வீடு திரும்பின. நிறைச்சட்டத்தார் ஆட்களை வைத்து ஆராய்ந்தார்கள். ஆராய்ந்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஒரு குழந்தையிடம் இன்னொரு குழந்தை 'எனக்கு ஒரு வாய் குடு' என்று கேட்டால், கேட்கப்பட்ட குழந்தை அதிகம் சாப்பிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். உண்மையான கண்டுபிடிப்புதான். அதற்கு எளிய மருந்து சுவரை எடுப்பது. ஆனால் சுவரை எடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை, சுவரில் எதையாவது பொருத்தத்தான் அதிகாரம் இருந்தது. ஆகவே தோழமைக்குரலைப் பொருத்தினார்கள்.

ஒவ்வொரு கூட்டிலும் ஒரு சின்ன வட்டத் திறப்பு வைத்தார்கள். அதற்கு ஊட்டுவாய் என்று பெயர். அதற்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளையின் குரல் பேசும். பள்ளியின் கண்களும் காதுகளும் சேர்த்து வைத்திருந்த பேச்சிலிருந்து, அந்தந்தப் பிள்ளைக்கு யாரோடு அதிகம் ஒட்டுதலோ அவர்களின் குரலையே எடுத்துச் செய்திருந்தார்கள். குரல் ஒரு வாய் கேட்கும். பிள்ளை ஒரு பிட்டை உள்ளே போடும். 'நல்லாருக்குது, நீயும் சாப்பிடு' என்று குரல் சொல்லும். பிள்ளை சாப்பிடும். இதுதான் திட்டம்.

நவநீதனுக்கு இதெல்லாம் ஒரு வரிச் சுற்றறிக்கையாகத்தான் வந்தது. அவன் பார்த்தது செய்தியை மட்டும். 'முழுதும் உண்டான்.' மறுநாளும் 'முழுதும் உண்டான்.' கம்பெனியில் பக்கத்து மேசைக்காரர்களிடம் காட்டினான். வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தான். வீட்டில் ஹர்ஷினி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏனுங் மாமா, தலை துவட்டறப்ப பாத்தேன். கழுத்தெலும்பு தெரியுதுங்க."

"அதான் முழுசும் திங்கறானே அம்மிணி. ஒடம்புல புடிக்கக் கொஞ்ச நாள் ஆகும்."

"செல்லைப் பாக்கறீங்க. ஒருக்கா அவன் மூஞ்சியப் பாருங்க."

அவன் பார்த்தான். பார்த்ததும் அவனுக்கும் பயம் வந்தது. ஆனால் பயம் வரும்போதெல்லாம் செல்பேசியை எடுத்து அந்த இரண்டு வார்த்தைகளைப் படிப்பான். பயம் அடங்கிவிடும். மனிதன் நம்ப விரும்புவதை எழுதிக் காட்டும் எந்திரத்தை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

கூடுகளின் வேலையால் இரண்டு மாதம் மூடியிருந்த நிறைத்தடம் அந்த முதல் திங்கட்கிழமை திறந்தது. யுகன் கறுப்புத் தரையில் கால் வைத்தான். தூணில் சிவப்பு எரிந்தது.

பக்கத்தில் நின்றவர்கள் செல்பேசியை எடுத்தார்கள். நவநீதன் வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு வினோதாவைத் தேடி உள்ளே ஓடினான்.

வினோதாவும் அவனும் யுகனையும் அழைத்துக்கொண்டு அவன் கூட்டுக்குப் போய் ஊட்டுவாயின் பின்பக்கத்தைத் திறந்தார்கள். அடியில் இருந்த தொட்டியில் முந்தைய வாரத்தின் உருண்டைகள் அப்படியே கிடந்தன. கம்பு உருண்டை, கொழுக்கட்டை, மேலே பூசணம். பிள்ளைகள் ஒரு பிட்டுத்தான் போடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்ததால், ஊட்டுவாய்க்குப் போகும் கையைக் கண் கண்டுகொள்ளாதபடி வைத்திருந்தார்கள், அதை எடை போடவும் யாரும் ஏற்பாடு செய்யவில்லை. உண்மானிக்குத் தெரிந்ததெல்லாம் டப்பா காலி என்பதுதான்.

நவநீதன் மகன் முன்னால் மண்டியிட்டான். அவனுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அது மிஷின் சாமி. அவ அங்க இல்ல. உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்கப்பா" என்றான் யுகன். "அது இதழினி இல்லைன்னு மொத நாளே தெரியுமுங்க. ஆனா பசிக்குதுன்னு சொல்லுதுங்களே."

வினோதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புதன்கிழமை பிற்பகலில் வளரகத்தின் வண்டி பள்ளி வாசலுக்கு வந்தது. ஹர்ஷினி வேலைக்குப் போகவில்லை. மகனின் தலையை வாரி, வாரியதைக் கலைத்து, மறுபடி வாரிக்கொண்டிருந்தாள். யுகன் அழவில்லை. வண்டியில் ஏறும் முன் வினோதாவிடம் ஒன்று மட்டும் கேட்டான்.

"மிஸ், அங்க இதழினி இருப்பாளுங்களா?"

வினோதா பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் வரவில்லை. "இருப்பா கண்ணு. ஆனா எடை கூட்டறவங்க ஒரு கட்டடம், கொறைக்கறவங்க ஒரு கட்டடம். பாக்க முடியாது."

"சத்தம் கேக்குமுங்களா?"

வினோதா வண்டிக் கதவைச் சாத்தினாள். வண்டி போயிற்று. ஹர்ஷினி அது போன திசையில் தெருமுனை வரைக்கும் நடந்து, அங்கேயே நின்றுவிட்டாள்.

நவநீதன் கையில் டப்பா இருந்தது. வளரகத்தில் வீட்டுச் சோற்றுக்கு அனுமதியில்லை என்று தெரிந்தும் காலையில் கை தானாகச் செய்துவிட்டிருந்தது. வெல்லம் தூக்கலாகப் போட்ட கம்பு உருண்டைகள். வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. வினோதாவைப் பார்த்தான். எதற்கென்று அவளும் கேட்கவில்லை. உணவுக்கூடத்துக்கு அழைத்துப் போய்க் கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்றுகொண்டாள்.

மகனின் கூட்டில் முழங்கால் நெஞ்சில் இடிக்க அவன் உட்கார்ந்தான். சுவரில் யுகன் நகத்தால் ஒரு காக்கை கீறியிருந்தான். நவநீதன் டப்பாவைக் குழியில் வைத்து மூடியைத் திறந்தான். அந்தக் குரலை ஒரு தரம் கேட்டு, நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருந்தான்.

"யுகா" என்றது ஊட்டுவாய். ஒரு பெண் பிள்ளையின் குரல். கொஞ்சம் மூக்கடைத்தது போல. "கம்பு உருண்டையா? எனக்கு ஒரு வாய் குடு. பசிக்குது."

திட்ட வந்தவன் அந்த வட்டத் திறப்பையே பார்த்தான்.  அதற்குப் பின்னால் தொட்டியைத் தவிர ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும். அவனே கண்ணால் பார்த்திருக்கிறான். ஆனாலும் அந்தக் குரலின் சொந்தக்காரி இந்த நேரத்தில் எங்கோ பாதி டப்பாவின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்பதும், அவளை அங்கே அனுப்பியது தான் மடித்துக் கொண்டுவந்த ஈரச் சட்டை என்பதும் அவனுக்குத் தெரியும்.

"பசிக்குது" என்றது குரல் மறுபடியும்.

நவநீதன் ஒரு உருண்டையை எடுத்தான். பழக்கம் விட்டுப்போன கை, சட்டை ஓரத்தைத் தேடியது. துணியில் பொதிந்து கடித்து, பெரிய பாதியை ஊட்டுவாய்க்குள் போட்டான்.

"நல்லாருக்குது" என்றது குரல். "இன்னொரு வாய்."

அவன் தன் பாதியை மெல்லாமல் வைத்திருந்தான். அதையும் எடுத்துப் போட்டான். பிறகு கடிக்கவும் இல்லை. டப்பா காலியாகும் வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

யுகனின் பெயரைப் பள்ளிக் கணக்கிலிருந்து இன்னும் எடுத்திருக்கவில்லை. சட்டைப்பையில் செல்பேசி அதிர்ந்தது. தெருமுனையில் நின்றிருந்த ஹர்ஷினியின் செல்பேசியும் அதே நேரத்தில் அதிர்ந்தது. இரண்டிலும் ஒரே செய்தி. யுகன், நான்காம் வகுப்பு: முழுதும் உண்டான்.